உனக்கு எதற்கு?

சொற்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு. ஒரு மக்கள் கூட்டம் எதற்கு எத்தனை சொல் வைத்திருக்கிறது என்று எண்ணினால், அந்த மக்களின் கூடத்தில் நடப்பது மட்டுமின்றி அடுக்களையில் நடப்பதும் தெரிந்துவிடும். தேவையற்றது, மிதமிஞ்சியது, பகட்டானது என்று ஒன்றைச் சுட்ட நம்மவர் நாவில் புழங்கும் சொற்களை அண்மையில் ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். ஆடம்பரம், படாடோபம், டாம்பீகம், சொகுசு, பகட்டு, மினுக்கு, ஊதாரித்தனம், வீண், விரயம், அநாவசியம், தண்டம், வெட்டி... தாள் நிரம்பிவிட்டது! ஒருவேளைச் சோற்றுக்கு வழியற்றோர் பல்லாயிரவர் வாழ்ந்த நாட்டில், மிதமிஞ்சியதைக் குறிக்க இத்தனை சொற்களா என்று முதலில் வியந்தோம். வியப்பு அடங்கிய பின்னர் ஒரு கேள்வி எழுந்தது. இச்சொற்கள் பொருளைக் குறிக்கின்றனவா, ஆளைக் குறிக்கின்றனவா?

ஒரு குடையை எடுத்துக் கொள்வோம். கம்பும் கம்பியும் துணியும் சேர்ந்தால் குடை. மழைக்கும் வெயிலுக்கும் பிடிப்பது. வேறு மருமம் ஒன்றும் அதில் இல்லை. மன்னன் தலைக்கு மேலே அது விரிந்தபோது வெண்கொற்றக் குடை என்று பெயர் பெற்றது. வெயிலை மறைக்கவா அவன் குடை பிடித்தான், குடிகளுக்கு நிழல் தரவன்றோ பிடித்தான் என்று புலவர் பாடினர். திருவிழா உலாவிலே செப்புச் சிலைக்கும் குடை உண்டு. சிலைக்கு வெயில் சுடுமோ என்று கேட்டவனை நாத்திகன் என்று ஏசினர். மன்னனுக்குக் குடை மாண்பு. ஆண்டவனுக்குக் குடை ஆகமம். நாளெல்லாம் சேற்றில் நின்று, முதுகு கருக, நாற்று நட்டவன் அதே குடையை விரித்தபோது என்ன பெயர் சூட்டினர்?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் கூடி, ஆதித் திராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் அவற்றை ஒன்றொன்றாகப் பதிந்து வைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது. சட்டை, பனியன் ஆகாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக் கொள்ளலாகாது. வீட்டில் மண் கலம் அன்றி வேறு கலம் ஆகாது. பெண்கள் மார்பை மறைக்கலாகாது. பூ வைக்கலாகாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கலாகாது, காலில் செருப்பும் ஆகாது! கேட்டீரா தோழரே, இதுதான் பட்டியல்! மறு ஆண்டு இந்த எட்டு, பதினொன்றாக வளர்ந்தது. திருமணத்தில் மேளதாளம் கூடாது, செம்பிலும் பித்தளையிலும் தண்ணீர் சுமக்கக் கூடாது என்பவற்றோடு, பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பதும் சேர்ந்தது. பணியாதோரின் குடிசைகள் எரிந்தன. தானியக் குதிர்கள் அழிந்தன. கால்நடைகள் கொள்ளை போயின.

அப்பட்டியலை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் நம் கண் ஒரே இடத்தில் நின்றுவிடும். பொன்னும் செருப்பும் எழுத்தும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. தடை விதித்தவர்க்கு இம்மூன்றிடையே வேற்றுமை தெரியவில்லை. மூன்றும் 'அவனுக்கு' மிகை, அவ்வளவே! பொன் இன்றி ஒருவன் வாழலாம். செருப்பின்றி நெருஞ்சிக் காட்டில் நடப்பது கடினம். எழுத்தின்றி நீதிமன்றத்தில் நின்றால் நிலம் போய்விடும். இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'உனக்கு எதற்கு?' என்று கேட்பதற்குத்தான் மிகை, பகட்டு, ஆடம்பரம் என்னும் சொற்கள் பயன்பட்டன.

திருவிதாங்கூரில் நடந்ததும் வேறன்று. குடையும் செருப்பும் பொன் நகையும் அங்கும் நாடார் மக்களுக்கு மறுக்கப்பட்டவையே. மார்பை மறைக்கும் ஒரு முழத் துணிக்காக அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடினர், அடியுண்டனர். 1859இல் அரசர் அறிக்கை விட்டார். மறைத்துக் கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் அதே முறையில் உடுத்தலாகாது! துணியைத் தந்தாலும் மடிப்பைத் தர மனமில்லை. ஒரு மடிப்பு கூட ஆடம்பரமாகிவிடும் கணக்கு அது.

இனி, நாம் தாளில் எழுதிய சொற்களிடம் திரும்புவோம். அவற்றின் பிறப்பை ஆராய்ந்தால் சுவையான செய்திகள் கிட்டுகின்றன. ஆடம்பரம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அது தொடக்கத்தில் ஒருவகை முரசின் பெயர். பின்னர்ப் பேரொலி, ஆரவாரம், வெற்று முழக்கம் என்று பொருள் வளர்ந்தது. படாடோபம் என்பது பாம்பு படத்தை விரித்து வீங்கி நிற்கும் கோலம். டாம்பீகம், டம்பத்தின் வழி வந்தது. டம்பம் என்றால் வஞ்சகம், உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவது. இம்மூன்று சொற்களும் தம் வேரிலே எவரைச் சுட்டுகின்றன, பாருங்கள்! முரசு கொட்டியவன் யார்? படம் விரித்தவன் யார்? உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசியவன் யார்? செருப்புக் கேட்ட உழவனா? பூ வைக்க விரும்பிய பெண்ணா? பிறந்த இடத்திலே இச்சொற்கள் வல்லவரைத்தான் சுட்டின. நம் ஊருக்கு வந்து சேர்ந்த பின்னர் இல்லாதவன் பக்கம் விரல் நீட்டத் தொடங்கின.

சொகுசு மற்றொரு கதை. தெலுங்கிலும் கன்னடத்திலும் சொகசு என்றால் அழகு. இசைவாணர் வாயில் அது இனிக்கும் சொல். நம்மிடம் வந்ததும் உடம்பு வணங்காமை என்னும் பொருள் அதில் படிந்துவிட்டது. 'சொகுசு கேட்கிறதோ?' என்று ஒருவன் கேட்டால், அவன் எதிரே நிற்பவர் பெரும்பாலும் நெடுநேரம் நின்று கால் கடுத்து உட்கார இடம் தேடியவராகத்தான் இருப்பார். துணிக்கடையில் நாளெல்லாம் நின்ற பெண்களுக்கு ஒரு நாற்காலி தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் செய்தது 2021இல்! அதுவரை அந்த நாற்காலியும் சொகுசுதான்.

தண்டம் என்பது கோல், தண்டனை, தண்டனையாகக் கட்டும் பணம். பயனின்றிப் போகும் செலவைத் தண்டச் செலவு என்கிறோம். வேலை கிடைக்காத இளைஞன் உண்ணும் சோற்றைத் தண்டச் சோறு என்கிறோம். பெற்ற தாயின் கையால் உண்ணும் சோறு எப்போது அபராதம் ஆயிற்று? வேலை தராத நாட்டுக்கு அன்றோ அபராதம் விதிக்க வேண்டும்! இதை எழுதும்போது, பட்டம் பெற்று மூன்றாண்டாக விண்ணப்பம் எழுதிக் கொண்டிருக்கும் ஓர் இளைஞர் நம் நினைவில் வருகிறார். வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்பதை அவர் நிறுத்திவிட்டாராம். சொல்லுக்கு அத்தனை வலிமை.

இப்பட்டியலில் நம்மை மிகவும் உறுத்திய சொல் வெட்டி. வெட்டிப் பேச்சு, வெட்டி வேலை, வெட்டிப் பயல் என்று நாள்தோறும் வீசுகிறோம். ஒன்றுக்கும் உதவாதது என்பது பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால், வரிகளின் இடையே இச்சொல் ஓயாது எதிர்ப்படும். ஊர்மக்கள் கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய கட்டாய உழைப்புக்கு வெட்டி என்று பெயர். வடமொழியின் விஷ்டியும் இதுவே. வாய்க்கால் வெட்டிய கைகளுக்கும், கரை உயர்த்திய தோள்களுக்கும் அன்று கிடைத்த பெயர் வெட்டி. செய்த வேலையால் ஊர் விளைந்தது. செய்தவனுக்கோ ஒன்றும் விளையவில்லை. அவனுக்குப் பயன் தராத வேலை ஆதலால், காலம் செல்லச் செல்லப் பயனற்ற வேலைக்கே அது பெயராகிவிட்டது. கொடுமை அத்தோடு நின்றதா? ஊரின் பிணங்களைச் சுடுகாட்டில் எரித்தும் புதைத்தும் காத்த மனிதருக்கு அச்சொல்லின் வழியே ஒரு பெயரைச் சூட்டினர். அவர் இரண்டு நாள் வரமாட்டேன் என்றால் எந்த அக்கிரகாரமும் எந்தப் பண்ணை வீடும் மூக்கைப் பொத்தாமல் இருக்க முடியாது. அவரின்றி ஊரில்லை, அவர் பெயரிலோ உதவாமை ஒட்டிக் கிடக்கிறது!

கல்வெட்டு வரை போவானேன் என்று சில தோழர்கள் கேட்கலாம். போக வேண்டியதில்லைதான். நம் வீட்டிலேயே ஒரு கல்வெட்டு இருந்தது. நம் தந்தையார் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். ஒரு காசு பிசகாமல் கணக்கு எழுதுபவர்; பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர். சங்கக் கணக்கு எழுதிய கை வீட்டுக் கணக்கையும் விடவில்லை. நீள நோட்டு, நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் 'அவசியம்', வலப்புறம் 'அநாவசியம்'. மாதக் கடைசியில் வலப்புறத்தைக் கூட்டி, அடியில் சிவப்பு மையால் கோடிடுவார். அந்தக் கூட்டுத் தொகைக்கு வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நம் அன்னையார். அவர் மறைந்தபின் அந்த நோட்டுகள் நம் கைக்கு வந்தன. 1970 முதல் 1976 வரை ஏழு நோட்டு.

இடப்புறத்தில் என்னென்ன? அரிசி, பருப்பு, எண்ணெய், சரி. புகையிலை. குலதெய்வக் கொடை. சாமியாடிக்கு வேட்டி. மாமன் சீர். பங்காளி வீட்டு மொய். திவசத்துக்கு வந்த அய்யருக்குத் தட்சணை, வாழைக்காய், தேங்காய். இவை யாவும் அவசியம்! வலப்புறத்தில், செய்தித்தாள். அக்காளுக்கு ரிப்பன். நமக்கு ஒரு கலர்ப் பென்சில் பெட்டி. அன்னையாருக்குத் தலைவலி மாத்திரை. 1971 ஜூன் மாதத்தில் ஒரு வரி: 'பஸ் கட்டணம், மாதம் 7 ரூபாய் 50 காசு.' அவ்வரி ஜூலையில் இல்லை. ஆகஸ்டில் இல்லை. பிறகு எப்போதும் இல்லை.

அந்த வரிதான் நம் தமக்கையார். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து கல் தொலைவிலுள்ள ஊருக்குப் போக வேண்டும். போக 15 காசு, வர 15 காசு. அக்காள் நன்றாகப் படிப்பவர். நமக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தந்தவர் அவரே. ஒரு மாதம் போனார். மாதக் கடைசியில் சிவப்புக் கோடு விழுந்தது. "பெண் பிள்ளைக்கு இது எதற்கு, வீண் செலவு?" என்றார் தந்தையார். குரலை உயர்த்தவில்லை, சினக்கவில்லை, கணக்குச் சொல்லும் குரலிலேயே சொன்னார். அக்காளின் புத்தகப் பை பரணுக்குப் போயிற்று. நான்காண்டு கழித்து அவருக்கு மணம். 1975ஆம் ஆண்டு நோட்டின் இடப்புறத்தில், 'பந்தல், மேளம்: 350 ரூபாய்' என்று காண்கிறோம். அன்றைக்குப் பதினோராம் வகுப்பில் பள்ளியிறுதித் தேர்வு. மூன்றாண்டு, ஆண்டுக்குப் பத்து மாதம், மாதம் ஏழரை ரூபாய் என்று பெருக்கினால் 225. அக்காளின் பள்ளியிறுதிப் படிப்பு 225 ரூபாய், அநாவசியம். அக்காள் தலைக்கு மேல் ஒரு பகல் நின்ற பந்தலும் ஒரு காலை ஒலித்த மேளமும் 350 ரூபாய், அவசியம்!

நம் தந்தையார் கொடியவரல்லர். அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அவர் ஊரின் அகராதியைத் தம் வீட்டில் பயன்படுத்தினார். அந்த அகராதியில் ஊரார் காணச் செய்யும் செலவு கௌரவம். ஒருத்தியின் தலைக்குள்ளே போய்ச் சேரும் செலவு வீண்.

அன்னையாரின் கண் மற்றொன்று. நாற்பதைக் கடந்தபோது அவருக்குக் கிட்டப் பொருள் மங்கிற்று. ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுச் சிறுமியைக் கூப்பிடுவார். அரிசியில் கல் பொறுக்க முறத்தை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கண்ணாடி வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டார். "உனக்கு எதற்கடி கண்ணாடி? ஆபீசுக்கா போகப் போகிறாய்?" என்று தந்தையார் சிரித்தார். அன்னையாரும் சிரித்தார். அத்தோடு முடிந்தது. நாம் வேலைக்குச் சென்று முதற் சம்பளத்தில் கண்ணாடி வாங்கித் தந்தபோது ஆண்டுகள் பல ஓடிவிட்டன. மாட்டிக் கொண்டு முறத்தை எடுத்து உட்கார்ந்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இத்தனை நாளும் இத்தனை கல்லையா உங்களுக்கு ஆக்கிப் போட்டேன்?"

மூக்குக் கண்ணாடி இன்றும் முழுதாக இடப்புறத்துக்கு வந்துவிடவில்லை. வீட்டு நோட்டைப் போலவே நாட்டுக்கும் ஒரு நோட்டு உண்டு. வரி விகிதம் என்று அதற்குப் பெயர். பார்வைக் குறை தீர்க்கும் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி.யில் 12 விழுக்காடு வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 அன்றுதான் அது 5 ஆகக் குறைந்தது. 2017 ஜூலையில் அந்த வரி நடைமுறைக்கு வந்தபோது வேறொரு விந்தையும் கண்டோம். குங்குமத்துக்கு வரியில்லை. பொட்டுக்கு வரியில்லை. கண்ணாடி வளையலுக்கு வரியில்லை. சானிட்டரி நாப்கினுக்கு 12 விழுக்காடு! பெண்ணின் நெற்றியும் கையும் ஊரார் காண்பவை. அவை அவசியத்தின் பக்கம் போயின. அவள் உடம்பின் நலம் எவர் கண்ணிலும் படாதது. அது வலப்புறம் தள்ளப்பட்டது. மாணவியரும் மாதர் அமைப்பினரும் ஓராண்டு குரல் கொடுத்தபின், 2018 ஜூலையில் வரி நீங்கிற்று. நம் தந்தையாரின் நீள நோட்டு டில்லியில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நாம் வியந்ததுண்டு.

நாட்டு நோட்டில் சோறே வலப்புறத்தில் எழுதப்பட்ட காலமும் உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தர ஏற்பாடு செய்தார். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று. 1925இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட வெள்ளை அரசு ஒப்பவில்லை, அடுப்பு அணைந்தது. கல்விக்குச் சிலேட்டு தேவை, சோறு தேவையில்லை என்பது அந்தக் கணக்கு. பசித்த பிள்ளை சிலேட்டையா தின்னும்? 1956இல் காமராசரும், 1982இல் எம்.ஜி.ஆரும் அந்த அடுப்பைப் பெரிதாக மூட்டினர். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும், 'பணம் பாழாகிறது' என்று முனகியோர் உண்டு. அவர்களுள் எவரும் காலை உண்ணாமல் முனகியதாக நாம் கேள்விப்படவில்லை.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அத்தகைய பேருந்தொன்றில் நாமும் ஏறிச் சென்றோம். பூக்கூடையோடு ஏறிய ஒரு மூதாட்டியைப் பார்த்து, பின்னிருக்கையில் இருந்த ஒருவர், "ஓசி டிக்கெட்டு ஏறிடுச்சு" என்றார். மூதாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. கூடையை மடியில் வைத்துக் கொண்டு பூவை எண்ணத் தொடங்கினார். நமக்கு 7 ரூபாய் 50 காசு நினைவுக்கு வந்தது. ஓசி! எத்தனை சிறிய சொல்! 2022இல் நாட்டின் தலைமை அமைச்சர் இத்தகைய திட்டங்களை 'ரேவ்டி' என்ற எள்ளு மிட்டாயின் பெயரால் ஏளனம் செய்தார். 2019 செப்டம்பரில் பெருநிறுவனங்களுக்கான வருமான வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைந்தது. ஆண்டுக்கு 1 இலட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் விட்டுக் கொடுக்கப்படும் என்று அரசே கூறிற்று. அதற்கு எந்த மிட்டாயின் பெயரும் சூட்டப்படவில்லை. ஊக்கம் என்றனர்! மேலே கொடுத்தால் ஊக்கம், கீழே கொடுத்தால் இலவசம். தமிழில் சொல் பஞ்சமில்லை என்று நாம் முன்னே சொன்னது சரிதானே?

இந்த இடத்தில் ஒரு தோழர் எழுந்து நிற்பார் என்று நமக்குத் தெரியும். "ஆடம்பரத் திருமணம் வேண்டாம், வீண் சடங்கு வேண்டாம், சிக்கனம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர்கள் நாமன்றோ? இப்போது அச்சொற்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்களே?" என்பார். நியாயமான கேள்வி. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்த திருமணத்திலிருந்து, அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி மறு ஆண்டு சட்டமான திருத்தம் வரை, ஒரு மாலையும் ஓர் உறுதிமொழியும் போதும் என்று நிலைநாட்ட நாற்பதாண்டு பிடித்தது. அதைச் சொன்னவர்கள் யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? கடன் வாங்கிப் பந்தல் போட்டு, வட்டிக்காரனிடம் வயலை இழந்தவனைப் பார்த்து, 'உன்னை அழிக்கும் இச்செலவை உன்மீது சுமத்தியவன் யார்?' என்று கேட்டார்கள். 'உனக்கு எதற்கு மேளம்?' என்று 1931இல் இராமநாதபுரத்தில் கேட்டவர்களும் மேளத்தைத்தான் நிறுத்தினர். மேளம் ஒன்றே, நிறுத்திய கை வேறு. தன் செலவைத் தானே சீர்தூக்கிக் குறைப்பவன் சிக்கனக்காரன். பிறன் தட்டை எட்டிப் பார்த்து 'இது உனக்கு மிகை' என்பவனை வேறு பெயரால் அழைக்க வேண்டும்.

அப்படியானால் எவரையும் ஆடம்பரக்காரர் என்று சொல்லவே கூடாதா? சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் விலையைப் பார்த்தோ மினுக்கைப் பார்த்தோ சொல்ல வேண்டியதில்லை. அப்பொருளுக்குள்ளே வெட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். எவனோ ஒருவனுடைய கூலி கொடாத உழைப்பு, எவளோ ஒருத்தியின் நிறுத்தப்பட்ட படிப்பு, அதற்குள்ளே புதைந்திருக்குமானால் அது மண் குடமானாலும் ஆடம்பரமே. இக்கணக்குப்படி நம் தோழர்கள் சிலரின் இல்லத் திருமணங்களும் தேறமாட்டா என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். தாலி இல்லை, அய்யர் இல்லை, நன்று! நெடுஞ்சாலை நெடுக நடப்பட்ட பதாகைகள்? மணமகள் வீட்டார் 'விரும்பிக் கொடுத்த' கார்? சுயமரியாதை என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டால் கார் சீர்வரிசை ஆகாதா? படம் விரித்த பாம்புக்குக் கறுப்புச் சட்டை தைத்துப் போட்டாலும் அது படாடோபம்தான்.

தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது, வேண்டும் என்பது. ஆசையையும் தேவையையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. 'தண்ணீர் வேண்டும்' என்றாலும் வேண்டும்தான்; 'மல்லிகைப் பூ வேண்டும்' என்றாலும் வேண்டும்தான். கேட்பவர் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்கலாம். எது உயிருக்கு, எது உள்ளத்துக்கு என்று பிரித்துச் சீட்டு எழுதும் அதிகாரத்தை அச்சொல் எவர்க்கும் தரவில்லை. நம் மொழியைப் பற்றிப் பெருமை பேச மேடைதோறும் வாய்ப்புக் கிட்டுகிறது. இதைப் பற்றி எவரும் பேசக் காணோம்.

நாம் அடிக்கடி செல்லும் படிப்பகம் ஒன்று உண்டு. சிறிய கட்டடம், நல்ல நூல்கள், மாலையில் இளைஞர் கூட்டம். சென்ற மாதச் செயற்குழுவில் ஆண்டு விழாவின் வரவு செலவைப் படித்தனர். மேடை, ஒலிபெருக்கி, வண்ண விளக்கு வளைவு எல்லாம் ஏற்கப்பட்டன. அப்போது கல்லூரி மாணவியர் இருவர் எழுந்து, படிப்பகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, இருட்டும் முன்பே எழுந்து போக வேண்டியிருக்கிறது, விளக்கு வளைவுக்கு ஒதுக்கிய தொகையில் கட்டத் தொடங்கலாம் என்றனர். பொருளாளர் நல்லவர்; நாற்பதாண்டு இயக்கத் தொண்டர். "வருவதே நாலு பெண் பிள்ளைகள், அதற்குத் தனியாக எதற்கம்மா?" என்றார். கணக்குச் சொல்லும் குரலிலேயே சொன்னார். நாம் எழுந்து, வருவதே நாலு பேர் என்பதற்குக் காரணம் என்னவென்று கேட்டோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், விடை சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செயற்குழு மீண்டும் கூடுகிறது. மாணவியர் இருவரும் கொத்தனாரிடம் கேட்டு மதிப்பீடு எழுதி வைத்திருக்கின்றனர்.